ஒளித்து ஒளித்துப் போட்ட மாத்திரை

போன வருடம் ஆடி மாதம். காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். வேடசந்தூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் நூல் மில்லின் பேருந்து, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம்கூடப் போயிருக்காது. எனக்கு அது வந்துவிட்டது.

நெஞ்சுக்குள் யாரோ ஓடுவது போல அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்றது. இன்றைக்கு இந்தப் பேருந்திலேயே சாகப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

இது எனக்குப் புதிது அல்ல. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போதே வந்திருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி, ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை என்று போட்டுவந்தேன். சில வாரங்களில் நின்றுபோனது. படிப்பை முடித்தேன். மில்லில், நூலின் தரம் பார்க்கும் பிரிவில் வேலையும் கிடைத்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு, வேலையில் சேர்ந்த சில மாதங்களில், அது மறுபடி வர ஆரம்பித்தது. அதே டாக்டரிடம் போனேன். “மாத்திரை போடுறீங்களா?” என்றார். “போடுறேன் சார்” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கொஞ்சம் கூட்டியிருக்கேன்” என்று சீட்டை நீட்டினார். கூட்டியும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பேருந்தில் நான் சாய்ந்ததும் ஒரே கூச்சல்.

“ஏலே, வலிப்புடா! இரும்பு குடுங்கடா கையில!”

நூற்புப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் தன் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கி இறுக்கினார். இன்னொருவர் தலையைப் பிடித்தார். நாலு பேர் சுற்றி நின்றதில், வந்துகொண்டிருந்த கொஞ்சம் காற்றும் போயிற்று. வலிப்பு இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

எப்போதும் போல அது உச்சிக்குப் போய்த் தானாக இறங்கியது. எழுந்து உட்கார்ந்து, “வலிப்பு இல்லண்ணே. இது பதட்டம்” என்றேன்.

“பதட்டமா? எதுக்கு அப்பு? கொலை கிலை பண்ணிட்டு வாரியா?” என்றார் சாவி கொடுத்த அண்ணன்.

பேருந்து முழுக்கச் சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான்.

மில் வாசலுக்குப் போவதற்குள் செய்தி சூப்பர்வைசருக்குப் போய்விட்டது. “வலிப்புக்காரனை உள்ள விட்டு, மெஷின்ல கை போச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது? டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி வராத” என்றார். இவர் தினமும் கேண்டீனில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சர்க்கரை மாத்திரை போடுகிறவர். “நமக்கு ரெண்டு வேளையும் டோஸுப்பா” என்று ஏதோ பதக்கம் வாங்கினவர் போலச் சொல்லுவார். ஒருவரும் சிரித்ததில்லை. என் மாத்திரையை மட்டும் அந்த மில்லுக்குள் கொண்டுபோக எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வீட்டில் அது வேறு கதை. அம்மா மாத்திரை அட்டையை மிளகாய் வற்றல் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். “எவளாச்சும் பாத்தா லூசு மாத்திரைன்னு பேர் வச்சிருவாளுக. பெறகு உனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்பாள். விருந்தாளி வந்திருந்தால், சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவுக்குப் பின்னால் நிறுத்திக் கொடுப்பாள். திருட்டுப் பொருளை வாங்குகிற மாதிரி நானும் வாங்கி விழுங்குவேன்.

வேலைக்கு வராதே என்றதைக் கேட்டதும் அம்மா அழுதாள். “அதான் மாத்திரையும் கேக்கலையே ராசா. நிப்பாட்டிரு. பழனியில மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன். அவன் பாத்துக்குவான்.” எனக்கும் அப்படியே தோன்றியது. இனி எந்த மருந்தும் கேட்காது, வேலையும் போய்விட்டது, அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நினைத்தேன். ஆனால் மில்லுக்கு எழுதி வாங்க வேண்டுமே. அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குணமாகும் என்ற நம்பிக்கையில் போகவில்லை.

மனநலப் பிரிவின் வாசலில் கூட்டம். உள்ளே ஒரு பெண் டாக்டர். எடுத்த எடுப்பில் எரிச்சலாகத்தான் பேசினார். மாத்திரை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றேன்.

“எப்பப் போடுவீங்க?”

“ராத்திரி சாப்பிட்டதும் மேடம்.”

“என்ன வேலை?”

மில் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

“ஷிப்டு மாறுமா? சாயங்காலம் போயி நடுராத்திரி திரும்புற அரை நைட், விடிய விடிய முழு நைட்டெல்லாம் உண்டா?”

“உண்டு மேடம். பகல், அரை நைட், முழு நைட்னு வாரா வாரம் மாறும்.”

“அரை நைட்டுன்னா ராத்திரி எங்க சாப்பிடுவீங்க?”

“கேண்டீன்ல.”

“மாத்திரை?”

“வீட்ல இருக்கும். வந்து போடுவேன்… சில நாள் அப்படியே படுத்துருவேன்.”

“முழு நைட் வாரத்துல?”

“போடுறதில்ல மேடம். தூக்க மாத்திரைன்னு சொன்னாங்க. மெஷின் பக்கத்துல நிக்கணும்ல.”

“யாரு சொன்னா?”

எனக்குத் தெரியவில்லை. ஊரே சொல்கிறது. அவர் விரல் விட்டு எண்ணினார். “மூணு வாரத்துல ஒரு வாரந்தான் ஒழுங்காப் போட்டிருக்கீங்க. மாத்திரை வேலை செய்யலைங்கிறீங்களே, அதை நீங்க வேலை செய்ய விட்டீங்களா? திடீர் திடீர்னு விட்டாலே இந்த மாதிரி வரும்.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. முதலில், பகலில் மட்டும் இருக்கும் ஜெனரல் ஷிப்டில் பயிற்சி. அது முடிந்து ஷிப்டு மாறிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? டாக்டர் வேலை முடிந்தது என்று எழுந்துவிடவில்லை. எந்த ஷிப்டிலும் தவறாத ஒரு நேரமாக, ராத்திரி எட்டு மணியை என்னோடு உட்கார்ந்து பார்த்துச் சொன்னார்; அரை நைட் வாரத்தில் அது கேண்டீனில் சாப்பிடும் நேரம். தூக்கம் வந்தால் வந்து சொல்ல வேண்டும், நானாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது என்றார். அது வரும்போது மூச்சை இழுக்கப் போராடாமல் மெதுவாக வெளியே விடப் பழக்கினார். பேசிப் பார்க்கும் சிகிச்சைக்கும் வரச் சொன்னார். “இது வலிப்பு இல்லை, வேலை பார்க்கலாம்” என்று எழுதியும் கொடுத்தார்.

வெளியே வந்து பேருந்து நிலையம் வரைக்கும் கோபத்தில் நடந்தேன். நிமிர்ந்து பார்க்காத அந்த டாக்டர் மேல் கோபம். மில் வேலைக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கும் இந்தப் பக்கத்தில், “உனக்கு ராத்திரி எப்போது?” என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்று கோபம். அட்டையை மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிய ஊர்ப்பேச்சின் மேல் கோபம். அந்தப் பேச்சுக்குப் பயந்த என் மேலும்தான்.

காகிதத்தைப் படித்துவிட்டு சூப்பர்வைசர், “மனநலப் பிரிவா? அப்ப உனக்கு மண்டையில கோளாறா?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டார். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். “ஆமா சார், பதட்டத்துக்கு மாத்திரை போடுறேன். ஒளிச்சு வச்சு, ஒழுங்காப் போடாததாலதான் அன்னைக்கு விழுந்தேன். இனிமே கேண்டீன்லயே போடுவேன்.” அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே போ என்று தலையை ஆட்டினார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. வாரக்கணக்கில் ஆனது. இப்போதும் எப்போதாவது வரும். “செத்த நேரம் காத்து விட்டு நில்லுங்கண்ணே, போயிரும்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.

இதை எழுத வைத்தது வேறொன்று. ஒரு நாள் சாயங்காலம் அந்த நூற்புப் பிரிவு அண்ணன், தன் ஊர் வரைக்கும் போகாமல், என்னோடு எங்கள் விலக்கிலேயே இறங்கினார். பேருந்து போனதும் கேட்டார்.

“தம்பி, அந்த டாக்டரம்மாவை என்னைக்குப் போனா பாக்கலாம்?”

“யாருக்குண்ணே?”

“எம் பொண்டாட்டிக்கு. உனக்கு வந்துச்சுல்ல, அதே மாதிரிதான். மூச்சு முட்டி, கை காலு வெடவெடன்னு… பேய்ங்கிறாக. வேப்பிலை அடிச்சு அடிச்சு அவ முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. “இதெல்லாம் தெரிஞ்சுமாண்ணே அன்னைக்கு பஸ்ல அப்படிச் சிரிச்சீங்க?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சிரிக்காம இருந்தா, எனக்கு இதெல்லாம் தெரியும்னு அவய்ங்களுக்குத் தெரிஞ்சிரும்ல.”

திட்டலாம் போல இருந்தது. திட்டவில்லை. எந்த வாசல், எந்த நேரம் என்று சொல்லி, மறுநாள் நானே கூடப் போனேன். வரிசையில் அந்த அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. அது ஆறாமல் இருக்கும் வரைக்கும்தான், இன்னொருவர் இப்படி மூச்சுக்குத் திணறும்போது நான் வாயை மூடிக்கொண்டு நிற்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.