பன்னீர் வாசம்

நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் என்மேல் பன்னீர் தெளித்தார்கள். அந்த வாசத்தோடு, நெடுந்தீவில் இப்போது கூரையில்லாமல் நிற்கும் எங்கள் பள்ளிக்கூட மண்டபம் வந்துவிட்டது. அதன் சுவரில் ஊரின் பெரிய மனிதர்கள் மூன்று பேர் கண்ணாடிச் சட்டங்களுக்குள் இருந்தார்கள்: ஒரு நீதவான், ஒரு பண்டிதர், கொழும்பில் பேரெடுத்த ஒரு டொக்டர். தினமும் காலையில் தேவாரம் முடிந்ததும் அவர்களின் பெயர்களை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் உட்காருவோம்.

அந்த டொக்டருக்கு அதே மண்டபத்தில் ஊர் வரவேற்பு வைத்த நாளில் என் தங்கைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் போகும் காலைப் படகில் ஏற்றிவிடலாம் என்று அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எங்கட டொக்டரே வாறார். பிறகேன் பிள்ளையைக் கடலிலை கொண்டு அலைவான்?" என்றார் அப்பா.

படகு போய்விட்டது. வெயில் ஏற ஏறத் தோரணத்தின் குருத்தோலைகள் சுருள, மேளகாரர் தவிலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணயர, வரவேற்புக்கென்று நிரப்பி வைத்த பன்னீர்ச்செம்பிலிருந்து எடுத்தெடுத்து அம்மா தங்கையின் நெற்றியை நனைத்துக்கொண்டே இருந்தார். டொக்டருக்கு வர ஏலாதாம் என்று பின்னேரம் தகவல் வந்தபோது செம்பில் ஒன்றுமில்லை, துறையில் படகுமில்லை.

மறுநாள் படகு வருமுன் தங்கை போய்விட்டாள்.

அடுத்த கிழமை வரிசையில் நின்று மூன்று பெயர்களையும் நானும் சொன்னேன்.

"டொக்டர் வந்திருந்தா பிள்ளை தப்பியிருப்பாள்" என்று அப்பா சாகும்வரை பெருமையோடுதான் சொன்னார். படகைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.