வெளியே பார்த்த திரை

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்திற்கு அப்புத்தளையில் என் கடைக் கணினியில் செட்டிங்ஸை அழுத்தினேன், எதுவும் திறக்கவில்லை. அறுந்துபோன இணைய இணைப்பை மாற்ற அது வேண்டும். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த செல்வராணியின் மகளுக்குத் தாதியர் பயிற்சி விண்ணப்பம் அனுப்ப நான்கு மணிவரைதான் நேரம்.

"தம்பி, இங்கன என்னமோ..." என்று செல்வராணி எழுந்தார்.

"பேசாம உக்காருங்கக்கா! நானே தலைய பிச்சிக்கிட்டு இருக்கேன்."

கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸை அழுத்திப் பார்த்தேன். மவுஸை மேசையில் தட்டினேன்.

"போன்ல இருக்க செட்டிங்ஸ் மாதிரியே ஒண்ணு இங்க நிக்குதே தம்பி. நீங்க தேடுறது வேறயா?"

பெயரில் எழுத்துப் பிழை வராமல் வாடிக்கையாளர்களே பார்த்துச் சொல்லட்டும் என்று, இரண்டாவது திரையொன்றை அவர்கள் பக்கம் நானே திருப்பி வைத்திருந்தேன். செட்டிங்ஸ் அதில் திறந்து கிடந்தது.

விண்ணப்பப் பக்கத்தை எட்டியபோது மணி நான்கு தாண்டி இரண்டு நிமிடம். அவர் முதலில் பேச வாயெடுத்தது மூன்று பத்துக்கு.