தலை பிடிக்கும் வேலை

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த என் கணவரை அவருடைய வெள்ளைக்காரத் துரை ஒருமுறை சீனக்குடாவுக்குக் கோல்ப் விளையாடக் கூட்டிப் போனார். அன்றிலிருந்து பந்தைத் தூர அடிப்பதைத் தவிர இவருக்கு வேறு நினைப்பில்லை. தேசிக்காய் அளவுப் பந்து ஒன்றுக்காகப் படித்த மனிதர் பின்னேரம் முழுவதும் முற்றத்தில் மட்டையைச் சுழற்றினார். அடிக்கும்போது தலை அசைவதுதான் பிழை என்று துரை சொல்லிவிட்டாராம். ஆகவே எதிரே நின்று அவர் தலையை அசையாமல் பிடிப்பது என் வேலையாயிற்று.

ஒரு கையில் அவர் தலை, இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. கீழே விட்டால் தவழ்ந்து மட்டையடிக்கு வந்துவிடும். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ, இதைக்கூடச் செய்யாத மனைவியா என்று யோசித்துக்கொண்டே பல நாள் நின்றேன்.

ஒருநாள் மட்டை பிள்ளையின் காலருகே விசுக்கென்று போனது. கையை எடுத்துவிட்டேன்.

“ஏன் கையை எடுத்தனீர்?”

“பிள்ளையின்ர காலில பட்டிருக்கும்.”

“ஒரு முழம் இடம் கிடக்கு. உமக்கு எல்லாத்துக்கும் பயம்.”

“ஓம், பயம்தான். இனி மதிலில நெத்தியை முட்டிக்கொண்டு இடுப்பைத் திருப்பிப் பழகுங்கோ. உங்கட தலையைப் பிடிக்க மதில் காணும்.”

இளக்காரமாகத்தான் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. மறுநாள் முதல் மட்டையை உள்ளே வைத்துவிட்டு, மதிலில் நெற்றியை ஊன்றி இடுப்பைத் திருப்பினார். இரண்டு கிழமையில் துரையோடு சீனக்குடாவுக்குப் போய்வந்து, பந்து தூரம் போகிறது என்றார். அந்தப் பயிற்சி தன் யோசனை என்று துரையிடமும் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டுப் பிள்ளையை முற்றத்து மணலில் இறக்கினேன்.