மூன்று வேளையும் அரிசி

சவரிநாதன் எந்தப் பெருக்கலையும் ஒருமுறை போட்டு நம்பியதில்லை. கணக்கு மிஷினின் கைப்பிடியைத் தொடுவதற்கு முன் கட்டைவிரலைச் சட்டையின் உள்விளிம்பில் துடைத்துக்கொள்வார். பிறகு சுற்றுவார். வந்த விடையைப் பென்சிலால் எழுதி, அதன்மேல் பழைய பஸ் டிக்கெட் ஒன்றை வைத்து மூடிவிடுவார். அதே பெருக்கலை மறுபடியும், முதலில் போட்டதே ஞாபகம் இல்லாதவர் மாதிரி, தொடக்கத்திலிருந்து போடுவார். டிக்கெட்டை நகர்த்திப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைப்பார். இல்லாவிட்டால் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவது முறை. சவரி தன் கல்யாணத்தையே ரெண்டு தரம் பண்ணிச் சரிபார்த்திருப்பான் என்று பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் சொன்னது அந்தக் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்தது. அவரும் அதைக் கேட்டு, தலையைக் குனிந்தபடி சிரித்துவைத்தார்.

அது 1958. திருச்சியில் ஒரு கல்லூரியின் பொருளாதார ஆராய்ச்சி அறையில் அவர் தற்காலிகக் கணக்கர். வயது முப்பத்தாறு. ஒவ்வொரு மார்ச்சிலும் வேலை முடிந்துபோகும். ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிட்டால் உண்டு. பாலக்கரையில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வாடகை வீடு. மனைவி லூர்துராணி, மூன்று பெண்கள். அந்த வீட்டில் பகலில் சோறு, ராத்திரியில் கேழ்வரகுக் களி. வெளியில் யார் கேட்டாலும் மூன்று வேளையும் சோறு.

பேராசிரியர் திருநாராயணன் ஸ்ரீரங்கத்தில் கீழ உத்திர வீதியிலிருந்து பஸ்ஸில் வருவார். நெற்றியில் திருமண் கலையாமல் கரும்பலகையில் நாள் முழுக்க எழுதக்கூடியவர். டில்லிக்கு அனுப்ப வேண்டிய ஒரு கட்டுரைக்காக மூன்று வருஷமாக அவருக்கு ஒரே கேள்விதான்: அரிசி வாங்குகிற நாடுகள் எல்லாம் இறக்குமதி வரியைக் குறைத்தால் என்ன ஆகும்? பர்மா, சயாம், இலங்கை, மலாயா, இந்தோனேசியா, இந்தியா என்று ஆறு நாடுகளையும் ஆறு நீளத்தாள்களில் நிறுத்தியிருந்தார். ஒரு விலையை ஊகித்துக்கொண்டு, அந்த விலைக்கு யார் எவ்வளவு விற்பார்கள், யார் எவ்வளவு வாங்குவார்கள் என்று போட வேண்டும். விற்பதும் வாங்குவதும் சமமாகாவிட்டால் விலையைக் கொஞ்சம் நகர்த்தி ஆறு தாள்களையும் மறுபடி போட வேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு நாள். சவரிநாதனின் வழக்கப்படி நாலு நாள்.

இந்தியாவின் தாளில் ஓர் எண் மட்டும் கிடைக்கவில்லை. விலை இறங்கினால் ஜனங்கள் எவ்வளவு அரிசி கூடுதலாகச் சாப்பிடுவார்கள் என்பது அந்த எண். அதற்காகப் பாலக்கரை, உறையூர், திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் என்று இருநூற்று நாற்பது வீடுகளில் மாணவர்கள் ஃபாரம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவந்தார்கள். இருநூற்று முப்பத்தொரு வீடுகள் மூன்று வேளையும் அரிசி என்றன. விலை இறங்கினால் கூடுதலாக வாங்குவீர்களா என்றதற்கு ஒரு வீட்டம்மாள், அரிசி விலை இறங்கினா வயிறு பெருத்துடுமா தம்பி என்று திருப்பிக் கேட்டதையும் ஒரு பையன் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

அந்த எண்ணை வைத்துப் போட்டதில் விடை அழகாக வந்தது. ஜனங்கள் கூடுதலாக வாங்கப்போவதில்லை. அதனால் உலகச் சந்தையில் விலை ஏறாது. வரிக் குறைப்பு முழுக்க நம் ஊர் விலையில் இறங்கும். படிக்கு ஆறு நயா பைசா. பேராசிரியர் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எண்ணின் தலையிலும் புள்ளி இருந்தது.

சவரிநாதன் மட்டும் அன்று ஃபாரக் கட்டை மறுபடி பிரித்தார். அந்த ஃபாரங்களில் ஒன்று அடுத்த வீட்டு ரோசரியுடையது. மூன்று வேளையும் அரிசி என்று கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆறு மணியானால் அவள் வீட்டுக் களி வாசனை சுவர் தாண்டி வரும். அரிசி தின்னாத வாய்கள் ஃபாரத்தில் இல்லை. நாளைக்கு விலை இறங்கினால் அத்தனை வாய்களும் களியை விட்டுச் சோற்றுக்குத் திரும்பும். கணக்குக்கு அது தெரியாது.

வீட்டில் போய்க் கேட்டால் எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கேழ்வரகை எங்கேயாவது அரைத்துத்தானே ஆக வேண்டும்?

மறுநாள் காலையில் தெருக்கோடி மாவு மில்லில் போய் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார். மில்காரர் வீரமலை தெரிந்தவர்தான். வீட்டில் சண்டையா சார், காலங்காத்தால தவிட்டுல வந்து உக்காந்துட்டீங்களே என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். தரையெல்லாம் செம்மாவு படிந்திருந்தது. கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளும் பாப்பாயிக்கு அரைக்க வரும் ஒவ்வொரு டப்பாவும் எந்த வீட்டுடையது என்று அத்துபடி. அவள் சொல்லச் சொல்ல அவர் ஃபாரம் எண்ணைப் பார்த்து ஒரு கோடு போட்டார். பெயர் எழுதவில்லை.

அன்று ராத்திரி லூர்துராணி களியைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மில்லுல போயி உக்காந்தீங்களாமே."

ஆமாம் என்றார். பேர் எழுதமாட்டேன், வீட்டு நம்பர்கூட வெளியில் வராது, டில்லிக்குப் போகிற காகிதத்தில் ஒரே ஓர் எண்தான் இருக்கும் என்று விளக்கினார்.

"டில்லிக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. ரோசரிக்குத் தெரியுமில்ல, நீங்க எண்ணுனீங்கன்னு. நாளைக்குக் கொழாயடியில நான் அவ மூஞ்சிய எப்படிங்க பாக்கறது?"

பொய்க்கணக்கை நான் எப்படி அனுப்புவது என்றார் அவர்.

"சாப்பிடறத மறைக்கிறது பொய்யில்லங்க. அதான் அவங்ககிட்ட மிச்சமிருக்கிறது."

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று வாரம் அவர் மில்லுக்குப் போனார். அந்த மில்லைச் சுற்றி ஃபாரம் கொடுத்த வீடுகள் அறுபது. முப்பத்தொரு வீட்டு டப்பாக்கள் கேழ்வரகோடும் கம்போடும் வந்தன. அந்த விகிதத்தை வைத்து எண்ணைத் திருத்திக்கொண்டு, ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆறு தாள்களையும் புதிதாகப் போட்டார். இரண்டு மாதம் ஆயிற்று. இந்த முறை படிக்கு ஒரு நயா பைசாதான் இறங்கியது. வரி ஏற்கெனவே குறைவாக இருந்த இலங்கையில் விலை ஏறியே விட்டது. இங்கே பசித்தவன் ஒரு கவளம் சோறு எடுத்தால் அங்கே ஒருவன் தட்டில் குறைந்தது. இரண்டாம் முறை போட்டுப் பார்த்தும் அதே விடைதான்.

புதிய கணக்கை இரண்டு தாளில் சுருக்கி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேராசிரியர் இரண்டையும் கடைசிவரை படித்தார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருநூத்தி நாப்பது குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கா. நீர் மாவு டப்பாவை எண்ணிண்டு வந்திருக்கீர்."

"டப்பா பொய் சொல்லாதுங்க சார்."

"சொல்லாது. ஆனா அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே, சவரி. நாலு பேர் சபையில கேட்டா நான் எதைக் காட்டறது?"

கட்டுரை திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும் என்றார். அது போனால் மூன்று வருஷத்துக்குப் பணம் சாங்ஷன் ஆகும், சவரியின் வேலையும் நிரந்தரமாகும் என்பதையும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னார். பிறகு அந்த இரண்டு தாள்களையும் மடித்து, மரியாதையாகவே, சவரிநாதனிடம் திருப்பிக் கொடுத்தார்.

அட்டவணைகளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு வரி உண்டு. வெள்ளி, சனி இரண்டு நாளும் அது காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகாமல் கல்லூரிக்கு நடந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு அறையைத் திறக்கச் சொல்லி, பழைய அட்டவணையை எடுத்து, எல்லாப் பெருக்கலையும் முதலிலிருந்து போட்டார். ஒன்றும் தவறவில்லை. கூட்டல், கழித்தல் எல்லாம் சுத்தம். தவறைச் சுட்டிக்காட்டி வெளியே வர ஓர் எண்கூட அவருக்கு உதவவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் வேலை நிரந்தரமானது. அந்த மாதம் முதல் வீட்டில் ராத்திரியும் சோறு. பெண்கள் மூவரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சத்தமில்லாமல் தின்றார்கள். அவர் மட்டும், எனக்குக் களிதான் ஒத்துக்குது என்று சொல்லிவிட்டார். லூர்துராணி அவருக்கென்று ஓர் உருண்டை தனியாகக் கிண்டி வைத்தாள். ரோசரி கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பிறகு அதுவும் தேய்ந்துபோயிற்று.

அறுபத்து நாலில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது காந்தி மார்க்கெட் மண்டிகளின் கதவு பாதிதான் திறந்திருந்தது. பாலக்கரையில் ரேஷன் வரிசை விடிவதற்கு முன்பே திரும்பி வளைந்து நின்றது. இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆபீசில் வியந்துகொண்டார்கள். அந்த இரண்டு தாள்கள் சவரிநாதனின் பெட்டியில், பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தன. உலகம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் உண்மையான எண் தன் கையில் இருக்கிறது என்ற ஒன்றைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழில் லூர்துராணி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த பாப்பாயி வாசலோரமாக உட்கார்ந்து, அந்த அம்மா மாதிரி உண்டா என்று அழுதுகொண்டே பழசையெல்லாம் சொன்னாள். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் மில்லில் உட்கார்ந்த இரண்டாம் நாளே லூர்துராணி தெருத்தெருவாகப் போய், என் வீட்டுக்காரர் எண்ணுகிறார், மூன்று வாரத்துக்கு இந்த மில் வேண்டாம், வரகனேரி மில்லுக்குப் போங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். முதல் நாள் வந்த சில டப்பாக்கள் போக, அவர் எண்ணிய முப்பத்தொன்றும் அவள் போன நேரம் ஆள் இல்லாததால் சேதி எட்டாத வீடுகளுடையவை.