நான் சொல்லாமல் விட்ட கூரைப்பனி

எண்பத்தெட்டாம் ஆண்டு தைப்பொங்கல். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பிக்கரிங் போகும் வழியில், ஒரு பழைய மாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். ஐவரில் எனக்குத்தான் ஆங்கிலம் வரும். டொக்டரிடம் போனாலும் வீட்டுக்காரன் வந்தாலும் நான்தான் எல்லோருக்கும் வாய். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்களில் மூத்த அண்ணையின் அகதி வழக்கு அப்போதுதான் வென்றிருந்தது. இனி மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடலாம். அதனால் இந்த முறை வெளியே அடுப்பு மூட்டி, சூரியனைப் பார்த்துத்தான் பொங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முந்தின இரண்டு நாளும் பனிப்புயல். அன்று விடியப் புயல் ஓய்ந்தாலும் வீட்டைச் சுற்றிய திறந்த வளவில் காற்று நெருப்பை நிற்க விடவில்லை. கிழக்குச் சுவரோரம், தகரக் கூரையின் விளிம்புக்கு நேர் கீழே, பனியை வெட்டி ஒதுக்கி மூன்று கல் வைத்தோம்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலியருகே வந்து என்னிடம் நிதானமாக விளக்கினார். கூரையில் அடியில் இருப்பது பழைய பனி. அதன்மேல் மழை பெய்து கண்ணாடி மாதிரி உறைந்திருக்கிறது. அதற்கும் மேல் இரண்டு நாள் புதுப்பனி. சூடு பட்டால் எல்லாம் ஒரேயடியாக வழுக்கி வரும், அங்கே நிற்காதீர்கள் என்றார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

“என்னவாம் தம்பி?” என்று அண்ணை கேட்டார்.

“ஒண்டுமில்லை அண்ணை, நெருப்புக் கவனமாம்” என்றேன்.

அடுப்பை இடம் மாற்றுவதென்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் குளிரில் விறைக்க வேண்டும். பனிதானே, பஞ்சு மாதிரி விழுவது, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

பால் பொங்கியது. நாங்கள் தள்ளி நின்று சூரியனைக் கும்பிட, அண்ணை குனிந்து அரிசி போட்டார். மேலே லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் அடுப்பும் இல்லை, அண்ணையும் இல்லை, ஆளுயரப் பனிக்குவியல். நெருப்பின் சூடா, வீட்டு ஹீற்றரின் சூடா, இன்றுவரை தெரியாது. கையால் தோண்டினோம். விழுந்த பனி சீமெந்து போல இறுகிக் கிடந்தது. கிழவர் பனி அள்ளும் ஷவலோடு ஓடி வந்தார். வெளியே எடுத்தபோது அண்ணையின் கைக்குள் அரிசி இருந்தது. மூச்சு இல்லை.

பொலிஸ் வந்தது. யாராவது முன்கூட்டியே எச்சரித்தார்களா என்று மற்ற மூவரிடமும் என்னைக் கொண்டே கேட்டார்கள்.

“இல்லை, ஒருத்தரும் சொல்லேல்லை” என்றார்கள்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கிழவர் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். ஷவலை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணையின் மனைவிக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். அதிலும் உண்மையை எழுதவில்லை. பிறகு பல வருடம் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எங்கள் ஆட்களுக்காக ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்திருக்கிறேன். ஆனால் என்னவாம் தம்பி என்று அண்ணை கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.