இருநூறு கேபிக்குள் அடங்காத அட்டை

பிடிஎஃப்பைச் சுருக்குவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு எரிகிறது. என் மகளின் நர்சிங் சீட்டு அதில்தான் போனது.

சீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் சாதியைச் சொல்ல இருப்பது, என் அப்பா கப்பலேறி வந்தபோது அவருக்குக் கொடுத்த குடும்ப அட்டை ஒன்றுதான். அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்து, இந்த மலையில் கூலி வேலை பார்த்துச் செத்தவர் அவர். இங்கத்து ஈரத்தில் காகிதம் ஊறிவிடும் என்று அட்டைக்கு லேமினேஷன் போட்டு வைத்தார். எங்கள் ஆட்கள் சிலோன் காகிதம் எதையும் அப்படிப் போடாமல் விட்டதில்லை.

நாயுடுபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண் அதை ஸ்கேனரில் வைத்தாள். பிளாஸ்டிக்கில் வெளிச்சம் பட்டு, எழுத்தின் மேல் வெள்ளைக் கோடாக விழுந்தது.

"ஏண்ணே, இது அட்டையா, மொகம் பாக்குற கண்ணாடியா?"

"சிரிக்காத தாயி. வெரசா அனுப்பு. சீட்டுக்கு நாள் நெருங்கிருச்சு."

கலரில் எடுத்த ஃபைல் நாலு எம்பி வந்தது. விண்ணப்பம் போடுகிற அரசாங்கத் தளம் இருநூறு கேபிக்கு மேல் வாங்காது. அவள் சுருக்கிக்கொண்டே போனாள். உள்ளே போகிற அளவுக்கு வந்தபோது அப்பாவின் பெயர் எறும்பு மொய்த்ததுபோல் இருந்தது. அனுப்பினோம். ஆவணம் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்து கறுப்பு வெள்ளையில் எடுத்தாள். ஃபைல் சிறியதானது, எழுத்தும் தெரிந்தது. ஆனால் அட்டையில் இருந்த வெளிறிப்போன ஊதா முத்திரை காணாமல் போய்விட்டது. முத்திரை இல்லை என்று அதுவும் திரும்பியது.

"பிளாஸ்டிக்க உரிச்சுப் பாப்பமாண்ணே?"

"உரிச்சா எழுத்தும் அதோட வந்துரும். கைய எடு தாயி."

அட்டையைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கே போய், அங்கிருந்த கிளார்க்கிடம் நீட்டினேன்.

"ஒரிஜினல் இந்தா இருக்குங்க சார். தொட்டுப் பாருங்க."

"கம்ப்யூட்டர்ல வந்தாத்தாங்க நான் பாக்க முடியும்."

"முத்திரை கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"எனக்குத் தெரியுதுங்க. ஏத்திட்டு வாங்க."

அடிக்கலாம் போல இருந்தது. வந்துவிட்டேன்.

கடைசியில் மகளே வழி கண்டுபிடித்தாள். மலையில் மஞ்சு மூடி வெயிலே இல்லாத ஒரு காலையில், அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு ஜன்னலோரப் பலகையில் அட்டையை வைத்து ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுத்தாள். பிளாஸ்டிக் மின்னவில்லை. சுற்றிலும் தெரிந்த பலகையை வெட்டி எறிந்தாள். கலரைச் சாம்பல் நிறமாக மாற்றினாள். அதற்குப் பிறகு பிடிஎஃப் ஆக்கியபோது நசுக்க வேண்டிய தேவையே வரவில்லை. முத்திரையும் அழியாமல் நின்றது. இதை அந்தத் தளத்திலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். எவனுக்குத் தோன்றும்?

ஃபைல் ஏறியது. ஏறி அப்படியே கிடந்தது. சான்றிதழ் எங்கே என்று கல்லூரியிலிருந்து ஒரு முறை போன் வந்தது. கடைசி நாள் முடிந்ததும் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மகள் அன்று அழவில்லை. சோறு மட்டும் வேண்டாம் என்றாள்.

சான்றிதழ் வந்தபோது அவள் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே போய்ப் போனில் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இத வச்சு இப்ப என்னப்பா செய்யிறது?"

"அடுத்த வருசம் போடலாம்."

"ம்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ரூம் இன்னும் கெடக்குப்பா, கெஸ்ட் வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு, அழுக்கு விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.