பஸ் போன பிறகு நடந்த கூட்டம்

பாண்டிலட்சுமி பதினான்கு வருடமாகக் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறார். கல்லூரி சிவகாசிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. வீடு ஆமத்தூரில். கணவர் மாரீஸ்வரன் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். காலையில் கல்லூரிப் பஸ்ஸில் வந்தால் மாலை நாலரைக்கு அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

நாலரை மணி என்பது செயலர் அய்யாதுரை வைத்த நேரம். பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் நடத்துகிற குடும்பம் அவருடையது. இருட்டுவதற்குள் பெண்கள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அதற்காகவே பெண் ஆசிரியர்கள் அவர்மேல் மரியாதை வைத்திருந்தார்கள். பாண்டிலட்சுமியும்தான்.

ஆண் ஆசிரியர்கள் பைக்கிலும் காரிலும் வந்தார்கள். கம்பெனி வேலையை முடித்துச் செயலர் கல்லூரிக்கு வர ஐந்து மணி ஆகும் என்பதால் தேர்வுக்குழுக் கூட்டமும் ஐந்து மணிக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அப்படியே அமைந்துவிட்டது. பாண்டிலட்சுமி ஒன்பது வருடமாக அந்தக் குழுவின் உறுப்பினர். அட்டவணை தயாரிப்பது, அறை ஒதுக்குவது, விடைத்தாள் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூட்டத்தில் என்ன முடிவானது என்பது மட்டும் மறுநாள் காலை ஒரு தாளில் வரும்.

ஒரு ஜனவரியில் அப்படி வந்த தாளில், ஏப்ரல் தேர்வு பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். தேர்வு எழுதுகிற மாணவிகளில் பாதிக்கு மேல் நாலரை பஸ்ஸில் போகிறவர்கள். முதல்வரிடம் தாளைக் காட்டியதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ் என்ற நினைப்பே கூட்டத்தில் யாருக்கும் வரவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அதுதான் பாண்டிலட்சுமியைத் தைத்தது. ஆறு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பஸ்ஸில் வருகிற ஒருத்தி அங்கே இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள்.

அடுத்த கூட்டத்தன்று கணவரை பைக்கில் வரச்சொல்லிவிட்டுக் கல்லூரியிலேயே இருந்துகொண்டார். பஸ் போன பிறகு அந்த இடம் அவ்வளவு அமைதியாகிவிடும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

முதல்வர் அறையில் ஒரு நாற்காலி குறைந்தது. பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்குமே, நீங்களே எழுதுங்கள் என்று இயற்பியல் துறைத்தலைவர் கூட்டக் குறிப்பேட்டை அவர் பக்கம் தள்ளினார். வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினார் பாண்டிலட்சுமி. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருந்தது. ஒன்பது வருடமும் அதே சொல்.

அய்யாதுரை அன்பாகத்தான் கேட்டார். “மேடம், நீங்க எதுக்கு இம்புட்டு நேரம் இருந்து சிரமப்படுறீக? உங்க நல்லதுக்குத்தான பஸ்ச வெள்ளன விடச் சொல்றேன்.”

“அந்த அக்கறை எங்களுக்குத் தெரியும் சார்” என்றார் பாண்டிலட்சுமி. “பஸ்ச வெள்ளன விடுறீக. பேச்ச மட்டும் பஸ்சு போன பெறகு வைக்கிறீக. நான் வரலைன்னு இங்கன எழுதியிருக்கு. வர முடியலைன்னு யாரும் எழுதல.”

பிறகு தேர்வைக் காலைக்கு மாற்றினார்கள். வேறு எதுவும் அன்று மாறவில்லை.

மாரீஸ்வரன் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். அன்று பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் ஐந்து மணிக்குத்தான் வந்ததாம். தண்ணீர் பாய்ச்சாமலே கிளம்பி வந்திருந்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மாசாமாசம் இப்படித்தானா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் கணிதத் துறை அனுப்பிரியா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தாய். பாராட்டப் போகிறார் என்று பாண்டிலட்சுமி நினைத்தார்.

“நீங்க இருந்துட்டீக அக்கா. நாளைக்கு எங்களையும் இருக்கச் சொல்லுவாக. எம்பிள்ளைய அஞ்சு மணிக்கு மேல யாரு வச்சுக்கிடுவா?”

பாண்டிலட்சுமிக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அனுப்பிரியாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், கேள்வி நியாயமானது என்று தோன்றியது. ஆண்கள் மாதிரித் தானும் இருந்து காட்டிவிட்டால் போதும் என்றல்லவா நினைத்திருந்தார். மாற வேண்டியது தான் இருக்கிற நேரம் இல்லை, கூட்டம் நடக்கிற நேரம்.

எல்லாக் குழுக்களின் கூட்டங்களும் பிற்பகல் இரண்டரைக்கு நடக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதினார். முதல் கையெழுத்து அனுப்பிரியாவுடையது. மற்ற பெண் ஆசிரியர்களும் போட்டார்கள். அதைத் தட்டச்சு செய்திருந்த அலுவலக எழுத்தர் குருவம்மாள், செயலருக்கு அனுப்ப வாங்கிய கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

“ஆபீஸ் ஆளுகளுக்கும் சாயந்தரந்தான் கூட்டம் போடுதாக மேடம். அதையும் சேத்து எழுதலாமா?”

ஒரே பஸ்ஸில் இத்தனை வருடம் வந்தும் குருவம்மாளின் நினைப்பு தனக்கு வரவில்லையே என்று பாண்டிலட்சுமிக்குக் கூச்சமாக இருந்தது. கடிதத்தைத் திரும்ப அடித்தார்கள். ஆசிரியர்கள் மறுபடி கையெழுத்துப் போட, அலுவலகத்தில் நான்கு பெண்களும் போட்டார்கள்.

செயலர் மூன்று மாதம் பதில் சொல்லவில்லை. ஜூனில் கல்லூரி திறந்தபோது, கூட்டங்கள் இரண்டரை மணிக்கு என்று சுற்றறிக்கை வந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. அய்யாதுரை கம்பெனியிலிருந்து மதியமே வரத் தொடங்கினார், சில நாள் சாப்பிடாமல்கூட.

அதே வருடம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பதவி காலியானது. பாண்டிலட்சுமி விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. தேர்வு சமயத்தில் இரவு ஏழு மணிவரை இருக்க வேண்டியிருக்கும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அந்தக் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறார். இதுவரை தரவில்லை. பதவிக்கு வந்தவர் சந்தேகம் என்றால் இன்னமும் இவரிடம்தான் வருகிறார். பாண்டிலட்சுமியும் சொல்லிக்கொடுக்கிறார், மனது கசக்கத்தான் செய்கிறது.

போன மாதக் கூட்டத்தில், உள்தேர்வுகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம் என்று பாண்டிலட்சுமி சொன்னார். புதிதாகக் குழுவுக்கு வந்திருந்த அனுப்பிரியா எழுந்து, கணக்குக்கு அது சரிவராது என்றார். முதல் தேர்வில் விழுகிற பிள்ளைகள் மூன்றாவதில்தான் எழுந்து வருகிறார்கள் என்று மதிப்பெண்களை வாசித்துக் காட்டினார். பெரும்பாலானவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பாண்டிலட்சுமியின் யோசனை எடுபடவில்லை.

நாலரை பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆமத்தூர் வரும்வரை விவாதம் ஓயவில்லை. இறங்கிய பிறகும் பாண்டிலட்சுமி ஜன்னலைத் தட்டி, தன் துறை மதிப்பெண்களை நாளைக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்.